சொகுசு கார் லீஸ்: மாத வாடகையைப் பேசுறீங்க, கடைசி நாள் கணக்கைப் பேசினீங்களா?

திருநெல்வேலிப் பக்கம் ‘லீஸ்’ என்றதும் ஞாபகத்துக்கு வருவது ஒத்தி வீடு. மொத்தமாக ஒரு தொகை கொடுப்போம், வாடகை இல்லாமல் இருப்போம், காலி பண்ணும்போது கொடுத்த பணம் அப்படியே திரும்ப வரும். கார் லீஸ் இதற்கு நேர் தலைகீழ். மாதாமாதம் வாடகை கட்ட வேண்டும். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் பணம் வராது, பல நேரம் இன்னொரு பில்தான் வரும்.

ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வீடு தச்சநல்லூரில், வேலை பெங்களூரு ஐ.டி. கம்பெனியில். வீட்டிலிருந்தே வேலை, மாதம் ஒரு தடவை ஆபீஸ் போனால் போதும். ஒருநாள் ஹெச்ஆரிடமிருந்து ‘கார் லீஸ் பாலிசி’ என்று மெயில் வருகிறது. பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி எல்லாம் லிஸ்ட்டில் இருக்கின்றன. முன்பணம் இல்லை. இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் உள்ளேயே அடக்கம். வரியும் மிச்சம். யாருக்குத்தான் ஆசை வராது?

வாடகை எப்படி வருகிறது?

லீஸ் வாடகையைத் தீர்மானிப்பது காரின் விலை மட்டும் இல்லை. லீஸ் முடியும்போது அந்தக் கார் எவ்வளவுக்குப் போகும் என்று கம்பெனி போடும் மதிப்பீடும் சேர்ந்துதான். இதை ‘ரெசிடுவல் வேல்யூ’ என்பார்கள். நாம் எஞ்சிய மதிப்பு என்று வைத்துக்கொள்வோம்.

வரி சேர்க்காமல் 40 லட்சம் ரூபாய் கார், 3 வருஷ லீஸ், 10% வட்டி என்று கற்பனை பண்ணுங்கள். எஞ்சிய மதிப்பை 18 லட்சம் என்று போட்டால், குறையும் 22 லட்சத்தை 36 மாதத்துக்குப் பிரிக்க மாதம் சுமார் 61,100 ரூபாய். வட்டிக்குச் சராசரியாக 24,200. ஆக 85,300 ரூபாய். இதன் மேல்தான் ஜிஎஸ்டி. டிரைவர் இல்லாமல் காரை மட்டும் லீஸுக்குத் தந்தால், அந்தக் காரை விற்கும்போது என்ன விகிதமோ அதே விகிதம் வாடகைக்கும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு அது 40%. ஆக மாதம் ஏறக்குறைய 1.19 லட்சம்.

இப்போது எஞ்சிய மதிப்பை 20 லட்சமாக மாற்றிப் போடுங்கள். வாடகை சுமார் 1.13 லட்சத்துக்கு இறங்கிவிடும். மாதம் 6,600 ரூபாய் மிச்சம். கடைசியில் காரைத் திருப்பிக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் இது நல்ல டீல். நீங்களே வாங்கிக்கொள்ளப்போகிறீர்கள் என்றால், அந்தக் கூடுதல் 2 லட்சத்தையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அதனால் பேரம் பேசும் முன்பே முடிவு பண்ணுங்கள்: கார் வேணுமா, வேண்டாமா? ஷோரூம் தரும் தள்ளுபடி லீஸ் கணக்கிலும் கழிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் எழுத்தில் கேளுங்க. வண்டி வாங்குவது லீஸ் கம்பெனிதானே என்று நாம் அதைக் கேட்பதே இல்லை.

கிலோமீட்டர் கணக்கு

நம் தச்சநல்லூர்காரர் மாட்டுவது இங்கேதான். பெங்களூரு ஏறத்தாழ 600 கி.மீ. மாதம் ஒரு தடவை போய்வந்தால் 1,200. வருஷத்துக்கு 14,400. ஊருக்குள் சுற்றுவது, திருச்செந்தூர், குற்றாலம் எல்லாம் தனி.

ஒப்பந்தத்தில் வருஷத்துக்கு 10,000 கி.மீ. என்று இருந்தால்? பெங்களூரு பயணம் மட்டுமே 3 வருஷத்தில் 43,200 கி.மீ. வரம்பைவிட 13,200 அதிகம். கூடுதல் கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று வைத்தால் 3.3 லட்சம் ரூபாய், அதுவும் ஒரே பில்லாக. வரம்பை முதலிலேயே 20,000 என்று கேட்டு வாங்கினால் வாடகை கொஞ்சம் கூடும். ஆனால் அந்தப் பணம் 36 மாதத்தில் பிரிந்து போகும். நடுவில் வரம்பை மாற்றிக்கொள்ளலாமா, குறைவாக ஓட்டினால் பணம் திரும்ப வருமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

வேலையை விட்டால்?

வரிச் சலுகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1962-ம் வருஷ வருமான வரி விதிகளின் 3-ம் விதிப்படி, ஆபீஸ், சொந்த வேலை இரண்டுக்கும் பயன்படும் கம்பெனி கார் 1.6 லிட்டருக்கு மேல் என்றால், செலவைக் கம்பெனி ஏற்கும்போது மாதம் 2,400 ரூபாயும் டிரைவர் இருந்தால் 900 ரூபாயும் மட்டுமே உங்கள் வருமானமாகக் கணக்கில் வந்தது. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமல் என்பதால், பழைய எக்செல் ஷீட்டை வைத்து யாராவது கணக்குக் காட்டினால் நம்பாதீர்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் இது. இந்த ஒப்பந்தம் உங்கள் கம்பெனிக்கும் லீஸ் கம்பெனிக்கும் நடுவில் போடப்படுவது. உங்கள் கையெழுத்து பெரும்பாலும் கம்பெனியோடு போடும் தனிக் கடிதத்தில்தான் இருக்கும். 14-வது மாதம் வேலை மாறினாலோ, லே-ஆஃபில் போனாலோ, முன்கூட்டியே முடிக்கும் கட்டணம் உங்கள் கடைசி செட்டில்மென்ட்டில் கழிக்கப்படலாம். ‘நானாக விட்டால் இவ்வளவு, கம்பெனி அனுப்பினால் இவ்வளவு’ என்று இரண்டையும் பிரித்து எழுதி வாங்குங்க. ஐ.டி.யில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம்பர் பிளேட் சிக்கல்

பெங்களூருவில் பதிவாகும் கார் கே.ஏ. நம்பரில் வரும். மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவுப்படி, வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே பதிவை மாற்ற வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு ஆயுள் வரி 20%. வேறு மாநிலத்திலிருந்து வரும் வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும், ஆனாலும் சின்னத் தொகை இல்லை. அதை யார் கட்டுவது? முடிந்தால் முதலிலேயே TN-72 நம்பரில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளமும் ஞாபகம் இருக்கட்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை, தாமிரபரணி பெருகி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே மூழ்கியது. ‘இன்சூரன்ஸ் அடக்கம்’ என்றால் இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் உண்டா என்று பாருங்கள். தண்ணீரில் நிற்கும் காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் சாதாரண பாலிசியில் பணம் கிடைப்பது கஷ்டம். கார் முழுசாகவே போய்விட்டால், இன்சூரன்ஸ் தரும் தொகைக்கும் லீஸ் பாக்கிக்கும் நடுவில் விழும் பள்ளத்தை ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ ஆட்-ஆன் ஓரளவு நிரப்பும்.

திருப்பிக் கொடுக்கும்போது

‘நியாயமான தேய்மானம்’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். எது நியாயம்? பிரிட்டனில் பிவிஆர்எல்ஏ என்ற லீஸ் நிறுவனங்களின் சங்கம் இதற்கென்றே கையேடு வெளியிடுகிறது. இங்கே கம்பெனி சொல்வதுதான் அளவு. எத்தனை செ.மீ. கீறல் வரை பரவாயில்லை, டயர் எவ்வளவு தேயலாம் என்று அளவோடு ஒரு பட்டியலைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்க. டயர் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் கீழே போகக்கூடாது என்பது கார்களுக்கான சட்ட அளவு. லீஸ் கம்பெனி அதைவிடக் கூடுதலாகக் கேட்கலாம்.

முடிவதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு நல்ல டிங்கரிங் கடையில் காட்டுங்கள். பம்பர் கீறலை நீங்களே சரிசெய்வதற்கும், அவர்கள் ‘பேனல் மாற்றம்’ என்று போடும் பில்லுக்கும் நிறைய வித்தியாசம் வரலாம். இரண்டாவது சாவியைத் தேடி வையுங்கள். பில் நியாயமே இல்லை என்றால், கார் உங்கள் பேரில் லீஸ் ஆகியிருக்கும்பட்சத்தில், 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், மும்பைக்கு அலைய வேண்டாம். கம்பெனி வழி லீஸில் நீங்கள் நேரடி வாடிக்கையாளர் இல்லை என்ற வாதம் வரும்.

காரை வாங்கிக்கொள்கிறவர்கள், ஆர்சியில் உள்ள லீஸ் பதிவை நீக்க ஃபார்ம் 35-ஐ லீஸ் கம்பெனியிடம் கையெழுத்தோடு வாங்க மறக்காதீர்கள். கொடுத்துவிடுகிறவர்கள், கி.மீ. மீட்டரோடு நாலு பக்கமும் வீடியோ எடுத்து, ஒப்படைத்த சீட்டில் தேதி, நேரத்தோடு கையெழுத்து வாங்கிவிட்டு, ஃபாஸ்டேக் உங்கள் பேரில் இருந்தால் அன்றைக்கே மூடிவிடுங்கள். இல்லையென்றால் யாரோ ஓட்டும் காருக்குக் கயத்தாறு டோல்கேட்டில் உங்கள் அக்கவுன்ட்டில்தான் பணம் போகும்.