கடைக்கு ஓராள் வண்டி: பெட்ரோலா, பேட்டரியா?

சில்லறை மளிகை வியாபாரம் இன்று கடை வாசலோடு முடிவதில்லை. கைப்பேசியில் சொன்னால் பத்து நிமிடத்தில் பருப்பும் எண்ணெயும் வீடு தேடி வரும் என்று பெரிய கம்பெனிகள் பெருநகர மக்களைப் பழக்கி விட்டன. அவர்களிடம் இருக்கும் முதல் நம்மிடம் இல்லை. ஆனால் வாடிக்கையாளரின் வீடு நமக்குத் தெரியும். மாதச் சாமான் பட்டியல் தெரியும். எந்த வீட்டில் பொன்னி அரிசி, எந்த வீட்டில் இட்லி அரிசி என்பதும் தெரியும். இந்த பலத்தை வீட்டு வாசல் வரை கொண்டு சேர்க்க ஒரு சிறு வண்டி வேண்டும்.

மொத்த வியாபாரத்தில் இருக்கும் நாங்கள், கொள்முதலுக்கு வரும் சில்லறைக் கடைக்காரர்களின் வண்டிகளைத் தினமும் பார்க்கிறோம். ஒருவருக்கு லாபம் தந்த வண்டியே இன்னொருவருக்குக் கடனாகி நிற்பதையும் பார்க்கிறோம். வண்டியில் குறை என்பதை விட, ஓட்டத்துக்குப் பொருந்தாத வண்டி என்பதே பெரும்பாலும் காரணம். எனவே வண்டிக் கடைக்குப் போகும் முன் நம் கடைக் கணக்கைப் பார்ப்பதே முறை.

முதலில் ஓட்டத்தை எழுதுங்கள்

ஒரு வாரம், நோட்டில் நான்கு பத்தி போட்டு எழுதுங்கள். ஒரு நாளில் எத்தனை கி.மீ., எத்தனை வீடுகள், ஒரு நடைக்கு அதிகபட்சம் எத்தனை கிலோ, ஓட்டுவது யார். இந்த நான்கும் தெரியாமல் வண்டி வாங்குவது, எடை போடாமல் சரக்கு எடுப்பதற்குச் சமம்.

சுமைக் கணக்கு

ஓராள் வண்டி என்றால் பின் இருக்கையின் இடம் சரக்குக்கு. ஆனால் வண்டி தாங்கும் எடை என்று கையேட்டில் போட்டிருப்பது ஓட்டுபவரையும் சேர்த்துத்தான். 130 கிலோ என்று இருந்தால், ஓட்டும் பையன் 65 கிலோ போக மீதி 65. அதாவது 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டு, 15 கிலோ எண்ணெய் டின் ஒன்று. அதோடு சரி. அதற்கு மேல் ஒரு சர்க்கரை மூட்டை ஏற்றினால் டயரும் பிரேக்கும்தான் முதலில் சொல்லும். பிரேக் பிடிக்காமல் போனால் நட்டம் வண்டியோடு நிற்காது. நம்மை நம்பி வேலைக்கு வந்த பையனின் உயிர் அதில் இருக்கிறது.

1980ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 நம் வியாபாரிகளிடையே இவ்வளவு வேரூன்றியதற்குக் காரணம் சுமைதான். கியர் இல்லை. கால் வைக்கும் இடத்தில் ஒரு சிப்பம் உட்காரும். பாரம் தாழ்வாக இருப்பதால் வண்டி ஆடாது. அதன் வழியில் 2015ல் வந்த எக்ஸ்.எல். 100ல் பின் இருக்கையைக் கழற்றிவிட்டு மூட்டை வைக்கலாம். சக்கரம் 16 அங்குலம். பேட்டரி ஸ்கூட்டர்கள் பலவற்றில் 10 அல்லது 12 அங்குலம்தான். குண்டும் குழியுமான தெருவில் பாரத்தோடு போகும்போது இந்த வித்தியாசம் முதுகுக்குத் தெரியும்.

பேட்டரி வண்டி எங்கே எடுபடும்?

இதற்கு கோல்ஃப் மைதானத்தில் ஓடும் சிறு வண்டியைப் பார்த்தால் போதும். அமெரிக்காவில் 1950களிலேயே அங்கு பேட்டரி வண்டிகள் வந்துவிட்டன. 18 குழிகளையும் சுற்றி வர ஆறேழு கி.மீ. தூரம். அடிக்கடி நின்று நின்று போக வேண்டும். இரவில் அதே கொட்டகைக்குத் திரும்பி சார்ஜ் ஏற வேண்டும். இந்த வேலைக்குப் பேட்டரி பொருந்தியது. அண்மை ஆண்டுகளில் ஒருவர் மட்டும் ஏறி, ஆட்டப் பையையும் வைத்துக்கொண்டு போகும் வண்டிகளும் அங்கே வந்துள்ளன. புல்தரை கெடாமலிருக்க அகலமான டயர் போட்டிருக்கிறார்கள். தரையையும் சுமையையும் பார்த்துச் செய்த வண்டி அது.

மளிகைக் கடை ஓட்டமும் ஏறக்குறைய அதே மாதிரிதான். குறைந்த தூரம், அடிக்கடி நிறுத்தம், இரவில் அதே இடம். அப்படியானால் எல்லோரும் பேட்டரி வண்டி வாங்கிவிடலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், சுமையோடு லிட்டருக்கு 50 கி.மீ. என்று வைத்தால் கி.மீ.க்கு 2 ரூபாய். மின்சாரம் யூனிட் 10 ரூபாய், ஒரு யூனிட்டில் 28 கி.மீ. என்றால் கி.மீ.க்கு சுமார் 35 பைசா. மிச்சம் 1 ரூபாய் 65 பைசா. பேட்டரி வண்டியின் விலை 40,000 ரூபாய் அதிகம் என்று கொள்வோம். தினம் 50 கி.மீ., மாதம் 26 நாள் ஓடினால் மாத மிச்சம் 2,145 ரூபாய். 19 மாதத்தில் அந்த 40,000 கைக்குத் திரும்பும். தினம் 20 கி.மீ. மட்டுமே ஓடினால் மிச்சம் 858 ரூபாய். திரும்ப 47 மாதம் ஆகும். பேட்டரிக்கு உத்தரவாதம் 3 ஆண்டு, அதாவது 36 மாதம் என்றால், போட்ட பணம் வருமுன் உத்தரவாதம் போய்விடும். புது பேட்டரியின் விலை சிறு தொகை அல்ல என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே ஓட்டம் அதிகம் உள்ள கடைக்குப் பேட்டரி. ஓட்டம் குறைந்த கடைக்கு, பழைய மொபெட் நல்ல நிலையில் இருந்தால் அதுவே போதும். மேலே சொன்ன தொகைகளுக்குப் பதில் உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான பெட்ரோல் இருசக்கர வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. மின்சார வண்டிக்கு 5 சதவீதம். எனவே பழைய விலைப்பட்டியலை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

லைசென்ஸ் வேண்டாம் என்றால்?

மோட்டார் 250 வாட்டுக்கு மிகாமல், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கு மிகாமல், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமல் இருக்கும் மின்சார வண்டிக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. பக்கத்துத் தெருக்களுக்கு ஒரு பை, இரண்டு பை கொடுக்க இது உதவும். சிப்பம் ஏற்றி மேம்பாலம் ஏற உதவாது. "வேகத்தைக் கூட்டித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். வரம்பு தாண்டிவிட்டால் அது பதிவு செய்ய வேண்டிய மோட்டார் வாகனமே.

பதினெட்டு வயது நிரம்பாத கடைப் பையனிடம் சாவியைக் கொடுப்பதும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி, சிறுவர் ஓட்டிப் பிடிபட்டால் வண்டி உரிமையாளருக்கே 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. அவசரத்துக்கு ஒரு நடை என்று அனுப்பும் பழக்கம் நம் கடைவீதிகளில் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

சார்ஜ் போடும் இடம்

நம் கடைகளில் இருப்பது எண்ணெய், சாக்கு, அட்டைப்பெட்டி, நெருப்புப்பெட்டி. எல்லாம் தீப்பிடிக்கும் சரக்கு. ஆகவே கிட்டங்கிக்குள் சார்ஜில் போட்டுவிட்டு ஷட்டரை இறக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது கூடவே கூடாது. காற்றோட்டமான இடத்தில், ஆள் கண்பார்வையில், எர்த் சரியாக உள்ள பிளக்கில், வண்டியோடு வந்த சார்ஜரில் மட்டும் போட வேண்டும். ஓட்டி வந்த சூடு ஆறிய பிறகே போட வேண்டும். மழை வெள்ளத்தில் வண்டி மூழ்கிவிட்டால் கம்பெனி ஆள் பார்க்கும் வரை சார்ஜரைத் தொடக் கூடாது. பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 என்ற தரவிதி 2022 டிசம்பர் முதல் கடுமையாக்கப்பட்டது. செகண்ட்ஹேண்டாக வாங்குபவர்கள் வண்டி எந்த மாதம் தயாரானது என்று பார்த்து வாங்குவது நல்லது.

பணம் கட்டும் முன்

உங்கள் கடைச் சரக்கையே ஏற்றி, உங்கள் ஊர் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். வெறும் வண்டி எல்லாம் நன்றாகத்தான் ஓடும். உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எத்தனை கி.மீ., எது முந்தும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். புது பேட்டரி இன்றைக்கு என்ன விலை என்று கேளுங்கள். பழுது பார்க்கும் இடம் உங்கள் ஊரில் இருக்கிறதா, அடுத்த ஊரிலா என்று பாருங்கள். வண்டி நிற்கும் ஒரு நாள், பத்து வீட்டுச் சாமான் நிற்கும் நாள். அந்த பத்து வீட்டில் இரண்டு வீடு கைப்பேசியை எடுத்துவிட்டால் அவர்களைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். அதே வண்டியை இரண்டு வருடம் ஓட்டிய இரண்டு வியாபாரிகளிடம் விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். விற்பவர் சொல்வதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.