பிள்ளையை வீட்டுக்கு அழைக்குமுன் ஒரு கடிதம் எழுதுங்கள்



பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால் நம் கவலை தீர்ந்தது என்று எண்ணிக்கொள்கிறோம். அங்கே போன இடத்தில் அதற்கு ஒரு தொல்லை வந்தால் யாரிடம் முறையிடுவது, எப்படி முறையிடுவது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சில காலத்துக்கு முன் ஓர் இரவு, 10 மணிக்கு மேல் இருக்கும், ஒரு தாய் மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார். "அண்ணே, லீவு முடிஞ்சி ஒரு வாரம் ஆச்சி. இவ திரும்பிப் போகமாட்டேங்கிறா. கேட்டா அழுவுறா. இவ அப்பா, படிச்சது போதும், வீட்டோட இருக்கட்டுங்கிறாரு" என்றார். தகப்பனார் செம்பனைக் குலை அறுப்பவர். மகள் இரண்டாம் ஆண்டு மாணவி. எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே வேண்டாம்.

என் மனைவி பிள்ளையை உள்ளே அழைத்துப் போய்த் தேநீர் கொடுத்துப் பேசிய பிறகே விஷயம் வந்தது. விரிவுரையாளர் ஒருவர் இரவு நேரத்தில் கைப்பேசியில் செய்தி அனுப்புகிறார். முதலில் பாடம் பற்றி, அப்புறம் உடை பற்றி, அப்புறம் வேறு மாதிரி. அறைக்குத் தனியாக வரச் சொல்கிறார். போகாததற்கு, "உன் மார்க்கு என் கையில்தான் இருக்கு" என்று ஒரு செய்தி. இந்தப் பிள்ளை வெட்கப்பட்டுப் பாதிச் செய்திகளை அழித்துவிட்டது! நல்ல வேளையாக, கூட அறையில் இருந்த கிளந்தான் பிள்ளை சிலவற்றைப் படம் எடுத்து வைத்திருந்தது.

விஷயம் தெரிந்ததும் தகப்பனார் பாராங்கை எடுத்துக்கொண்டு பஸ் ஏறக் கிளம்பினார். அவரைப் பிடித்து உட்கார வைக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று.

நான் அன்று பிள்ளையைத் திருப்பி அனுப்புவதில் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. பதினைந்து ஆண்டுகளுக்கு முன், சீனியர் மாணவர்களின் பகடிவதை தாங்காமல் ஒரு பையன் தோட்டத்துக்கு ஓடி வந்தான். அவன் அப்பா என்னிடம் யோசனை கேட்டார். "மானம்தான் பெரிசு, கூட்டிக்கிட்டு வந்துடுங்க" என்று சொன்னவன் நான்தான். ஊரெல்லாம் உரிமை பேசும் யூனியன்காரன், ஒரு புகார்க் கடிதம் எழுதக்கூட அவனுக்குச் சொல்லவில்லை. அந்தப் பையன் இன்று ஆலைக்குக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். வழியில் கண்டால் கையைத் தூக்கி "அண்ணே" என்பான். எனக்குத்தான் முகம் பார்க்க முடிவதில்லை.

சம்பளத்தில் குறைந்தால் நாம் என்ன செய்கிறோம்? கிராணியிடம் வாயால் கத்தினால் வேலை நடக்காது. எந்தத் தேதி, எந்த நிரை, எத்தனை குலை, யார் கணக்கெடுத்தது என்று எழுதிக் கொடுக்கிறோம். நம் நகலில் ஆபீஸ் சாப்பு வாங்கிக்கொள்கிறோம். வேலை நீக்கப்பட்டால் 60 நாளுக்குள் தொழிலியல் உறவுத் துறைக்குப் போக வேண்டும் என்பது நம் கிழவர்களுக்கும் தெரியும். பல்கலைக்கழகத்திலும் இதே சங்கதிதான்.

அன்றிரவு பிள்ளையை உட்கார வைத்து, நடந்ததைத் தேதி வாரியாக எழுதச் சொன்னேன். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், என்ன வார்த்தை, அருகில் யார். நினைவில்லாத இடத்தில் "நினைவில்லை" என்றே எழுதச் சொன்னேன். கடிதம் மலாயில். அதை என்னைவிட அந்தப் பிள்ளை நன்றாகவே எழுதும். மிச்சமிருந்த செய்திகளையும், தோழி எடுத்த படங்களையும் இணைத்தோம். கைப்பேசியில் இனி ஒன்றையும் அழிக்காதே என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

யாரிடம் கொடுப்பது? அந்த விரிவுரையாளரோடு மதியம் சாப்பிடுகிற இன்னொரு விரிவுரையாளரிடம் அல்ல. நேர்மைப் பிரிவு, பதிவதிகாரி, மாணவர் விவகாரப் பிரிவு என்று அலுவலகங்கள் இருக்கின்றன. அரசாங்கப் பல்கலைக்கழக ஊழியர் மீது நடவடிக்கை எடுக்க 2000ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று உண்டு; அதன் எண் 605. தொல்லை கொடுத்தவன் மாணவன் என்றால் அவனுக்கு 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் ஒழுங்கு விதிகள் இருக்கின்றன. ஆகவே, "எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்று யாராவது சொன்னால் பிள்ளை பயந்து திரும்ப வேண்டியதில்லை.

கடிதத்தின் கடைசியில் ஒரு கோரிக்கையும் சேர்த்தோம்: விசாரணை முடியும்வரை வேறு விரிவுரையாளர் தாளைத் திருத்த வேண்டும். பலர் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். மண்டோர் மீது புகார் கொடுத்துவிட்டு, அதே மண்டோர் கீழேயே நிரை பிடிப்போமா?

புகார் ஒரு வாசல். உதவி வேறு வாசல். புகார் கொடுக்காத பிள்ளைகூட ஆலோசகரைப் பார்க்கலாம். 1998ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் ஆலோசகராகத் தொழில் செய்ய முடியும். அவர் லயத்துக் குழாயடிபோல் ஊருக்குச் சொல்லித் திரிபவரல்ல. "ஆலோசகர்னா பைத்தியத்துக்குப் பாக்குறவங்கதானே?" என்று அந்தத் தாய் கேட்டார். இல்லையம்மா. ராத்திரி தூக்கம் வராத பிள்ளைக்குப் பேச ஓர் ஆள். மனம் தேறும்வரை ஒரு பருவம் படிப்பைத் தள்ளி வைக்கவும் மாணவர் விவகாரப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். அப்படிச் செய்தால் பி.டி.பி.டி.என். கடன் வாங்கியவர்கள் அங்கேயும் தெரிவித்துவிட வேண்டும். கைச்செலவுக்கு இல்லையென்றால் நலநிதி இருக்கிறதா என்று அங்கேயே வாய்விட்டுக் கேட்கலாம். நம் பிள்ளைகள் பசியோடு படுத்தாலும் கேட்பதில்லை. அந்த ரோஷத்தை நாம்தான் ஊட்டி வளர்த்திருக்கிறோம்.

பல்கலைக்கழகம் கடிதத்தை மூட்டை கட்டி வைத்தால்? 2022ஆம் ஆண்டின் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் ஒரு நடுவர் மன்றம் 2024 மார்ச் முதல் நடக்கிறது. பாதிக்கப்பட்டவர் தாமே புகார் கொடுக்கலாம். சட்டச் சிக்கல் உள்ள வழக்கைத் தவிர மற்றவற்றில் வழக்கறிஞர்களுக்கு இடமில்லை. ஆகவே அந்தச் செலவும் இல்லை. விசாரணை மூடிய கதவுக்குள்தான். முதல் விசாரணையிலிருந்து கூடுமானவரை 60 நாளில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம், 250,000 வெள்ளி வரை இழப்பீடு விதிக்கலாம். தொட்டால்தான் தொல்லை என்பதில்லை. பேச்சு, சைகை, படம் எல்லாமே இதில் அடங்கும். போலீஸ் புகார் தனி வழி. குற்றவியல் சட்டம் 509ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. அவசரத்துக்கு 15999 என்ற தாலியான் காசே எண் இரவும் பகலும் இயங்குகிறது.

அந்தப் பிள்ளை மறு வாரமே போய்விட்டது. தாயும் கூடப் போய், சாப்புக் குத்திய நகலை வாங்கி வந்தார். விசாரணைக்கு மூன்று மாதம் பிடித்தது. இரண்டு முறை அழைத்து, சொன்னதையே திரும்பச் சொல்ல வைத்தார்கள். பிள்ளை மிகவும் நொந்துபோயிற்று. முடிவில் வந்த கடிதத்தில் "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று ஒரே வரி. என்ன நடவடிக்கை? சொல்லவில்லை. எனக்கு அதில் திருப்தியில்லை. விளக்கம் கேட்டு இன்னொரு கடிதம் போயிருக்கிறது. ஆனால் தாளை வேறொருவர் திருத்தினார். பிள்ளை இப்போது மூன்றாம் ஆண்டு.

தகப்பனார் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. "ஊருக்குத் தெரிஞ்சிடுச்சே" என்பது அவர் குறை. நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் பாராங்கோடு நின்றதைத்தான் லயமே பார்த்தது.

இப்படிக் கடிதம் எழுத வேண்டியவர்கள் ஞாயிறு காலையில் கிளை அலுவலகத்துக்கு வரலாம். பிள்ளையின் சம்மதத்தோடு வாருங்கள், தேதிகளை எழுதி எடுத்து வாருங்கள். பெண் பிள்ளை என்றால் பேசுவதற்கு என் மனைவியும் இருப்பார்.