பிச்சை போடாத தர்மம்

சிங்காநல்லூரிலிருந்து திருச்சி ரோடு வழியாகக் கோவை நகருக்குள் போகிறவர்கள் இராமநாதபுரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். இன்று அங்கே கடைகளும் வீடுகளும் நெருங்கி நிற்கின்றன. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் அது ஒரு கிராமம். அங்கே ஒரு கிறிஸ்தவ சங்கம் ஏழைக் குடியானவர்களுக்காகக் கிராம சேவை நிலையம் நடத்தியது.

அது எந்தச் சங்கம்? ஒய்.எம்.சி.ஏ. என்கிறோமே, அதுதான்! வாலிப கிறிஸ்தவர் சங்கம் என்று பொருள்.

துணிக்கடைச் சிப்பந்தி

இந்தச் சங்கத்தைத் தொடங்கியவர் பெரிய பணக்காரர் அல்ல. ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற துணிக்கடைச் சிப்பந்தி. 1844-ம் ஆண்டில் லண்டனில் 12 வாலிபர்கள் கூடிச் சங்கம் கண்டனர். வேலை தேடிப் பட்டணம் வந்த வாலிபர்கள் கெட்ட வழியில் போகாமல் காப்பது அதன் நோக்கம்.

1890-ல் சென்னையிலும் சங்கம் ஏற்பட்டது. ஆனால், நம் மக்களில் பெரும்பாலோர் இருந்தது கிராமத்தில் அல்லவா? பட்டணத்துச் சங்கத்தைக் கிராமத்துக்கு அழைத்து வந்தவர் ஒரு சேலத்துக்காரர். அவர் பெயர் கே.டி.பால்.

சேலத்து மனிதர்

கே.டி.பால் 1876-ல் சேலத்தில் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். 1913-ல் சங்கத்தின் கிராம வேலையைத் தொடங்கினார். 1916-ல் இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச் செயலாளர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே.

கிராமத்து ஏழையின் கழுத்தை நெரித்தது எது? கடன்! மாதம் ரூபாய்க்கு ஓர் அணா வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய் வாங்கியவன் வருடத்துக்கு ஏழரை ரூபாய் வட்டியே கட்ட வேண்டும். முதல் அப்படியே நிற்கும். அப்பன் வாங்கிய கடனை மகன் தலையில் கட்டிவிட்டுப் போவான்.

இப்படிப்பட்டவனுக்கு ஒருபடி அரிசி கொடுத்தால் ஒருவேளைப் பசி தீரும். கடன் தீருமா? எனவே, கடனின் வேரை வெட்ட நினைத்தார் பால்.

நாணயமே ஜாமீன்

1904-ல் வந்த கூட்டுறவுச் சட்டம் அதற்குக் கை கொடுத்தது. பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு கடன் சங்கம் அமைக்கலாம். அடகு வைக்க ஏழையிடம் நிலம் இல்லை, நகை இல்லை. ஆனால் நாணயம் உண்டு. ஒருவன் கடனுக்கு மற்றவர்கள் பொறுப்பு. ஒருவன் ஏமாற்றினால் எல்லோருக்கும் நஷ்டம். அதனால் யாருக்கு, எதற்காகக் கடன் என்று எல்லோரும் கவனிப்பார்கள். ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்கள் கிராமம் கிராமமாகப் போய் இத்தகைய சங்கங்களை அமைத்தார்கள்.

தேனும் முட்டையும்

கடன் குறைந்தால் போதுமா? வருமானமும் வேண்டுமே! அதற்கு வழி காட்டியது மார்த்தாண்டம். அப்போது அது திருவிதாங்கூரில் இருந்தது. 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் அங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராம நிலையத்தை நடத்தினார்.

தேன் கூட்டைப் பிழிந்து எடுப்பது பழைய வழக்கம். அதில் புழுக்களும் நசுங்கும், கூடும் அழியும். மரப்பெட்டியில் தேனீ வளர்த்து, அடையைக் கருவியில் சுழற்றினால் சுத்தமான தேன் வரும். அதே அடையைத் திரும்பப் பெட்டியில் வைக்கலாம். இதைக் கிராமத்தார் கற்றார்கள். நல்ல இனக் கோழி வளர்த்து, முட்டைகளைத் தரம் பிரித்துக் கூட்டாக விற்கவும் கற்றார்கள். மதம், சாதி பார்க்காமல் எல்லோருக்கும் இடம் இருந்தது.

இன்றும் தேவை

1930-ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போய் வந்த கே.டி.பால், 1931-ல் காலமானார். மார்த்தாண்டம் 1956-ல் தமிழ்நாட்டோடு இணைந்தது. மார்த்தாண்டம் தேனுக்கு இன்றும் தனிப் பெயர் உண்டு.

கந்து வட்டியும் இன்னும் ஒழியவில்லை. அதைத் தடுக்க 2003-ல் தமிழக அரசு சட்டமே போட வேண்டி வந்தது. இன்று மகளிர் சுய உதவிக் குழுவில் நம் வீட்டுப் பெண்கள் ஒருவருக்கு ஒருவர் பொறுப்பேற்றுக் கடன் வாங்குகிறார்கள். பாலின் ஊழியர்கள் அன்று ஊர் ஊராகச் சொன்னதும் இதைத்தானே!

பசித்தவனுக்குச் சோறு போடுவது தர்மம். அவன் மறுபடி கை நீட்டாதபடி செய்வது அதனினும் பெரிய தர்மம்!