இருதயம் சீரான பிறகு

இருதயத்தில் ஓட்டையோடு ஜனித்த குழந்தைக்கு ரண சிகிச்சை செய்விக்க வேண்டுமானால் நிலத்தை விற்றாக வேண்டும் என்றிருந்த காலம் போய், 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கே வந்து குறையைக் கண்டு சொல்வதும், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையைக் காட்டி மதுரையிலோ சென்னையிலோ ஆபரேஷனை முடித்துக்கொண்டு திரும்புவதும், விருதுநகரை அடுத்த சூலக்கரை போன்ற ஊர்களுக்கும் எட்டிவிட்டன. ஆயினும், இருதயத்தைச் செப்பனிடும் காரியம் சில மணி நேரத்தில் முடிந்துவிட, சுவாசத்தைச் சீராக்கும் காரியமோ வாரக்கணக்கில் நீண்டு, பெரும்பாலும் வீட்டாரின் தலையில் விழுகிறது என்பதை யாரும் அவர்களுக்கு அழுத்திச் சொல்வதாகத் தெரியவில்லை.

நெஞ்செலும்பைப் பிளந்து மூடிய வலிக்கு அஞ்சிக் குழந்தை இருமாது. இருமி வெளியேற்றாத சளி கட்டிக்கொள்ளும். கட்டிய இடத்தில் நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். மூச்சை வெளிவிடும்போதும் சிறிது அழுத்தத்தை நிறுத்திவைத்து அவ்வறைகள் ஒட்டாமல் காக்கும் முறையை, ஜார்ஜ் கிரகரி என்ற அமெரிக்க வைத்தியர் 1971-ல் பச்சிளங் குழந்தைகளுக்காக வெளியிட்டார். நான்கே ஆண்டுகளில் இருதய ரண சிகிச்சை பெற்ற சிசுக்களுக்கும் அது வழங்கலாயிற்று.

ஆனால் மூச்சுக்கு உதவும் யந்திரம் எல்லாருக்கும் ஒரேவிதமாக உபகாரம் செய்வதில்லை. ஒற்றைக் கீழறையோடு பிறந்த இருதயத்துக்கு, உடலின் அசுத்த ரத்தத்தை நேரே நுரையீரலுக்குத் திருப்பிவிடும் ஃபோன்டான் சிகிச்சையில், அந்த ரத்தத்தைத் தள்ளும் பம்பு எதுவும் இல்லை. குழந்தை தானே மூச்சிழுக்கையில் மார்பு விரிந்து ரத்தத்தை ஈர்த்துக்கொள்ள, வென்டிலேட்டரோ காற்றை உள்ளே தள்ளி அந்த ஓட்டத்தைத் தடுக்கிறது. ஆகையால்தான் இத்தகைய குழந்தைகளுக்குத் தொண்டையில் செருகிய வென்டிலேட்டர் குழாயை எவ்வளவு சீக்கிரம் எடுக்கலாமோ அவ்வளவு சீக்கிரம் எடுக்கப் பார்க்கிறார்கள்.

வார்டில் பிசியோதெரபி செய்பவர் சோப்புக் குமிழி ஊதச் சொல்வது விளையாட்டுக்காக அல்ல. நீண்ட மூச்சை வரவழைக்கும் உபாயம் அது. இருமல் வரும்போது சிறு தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டால் வலி தணியும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் எலும்பு விலகக்கூடும். ஒரு கை பிருஷ்டத்தின் கீழும் மற்றது முதுகுக்குப் பின்னுமாக அள்ளித்தான் எடுக்க வேண்டும். எலும்பு கூட ஆறிலிருந்து எட்டு வாரமாகும்.

இனி வீடு. குளிப்பாட்டியதும் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் பிள்ளையைக் கிடத்திச் சாம்பிராணி போடும் அப்பத்தாவின் வாஞ்சையை நான் குறை கூறேன். ஆனால் அந்தப் புகை இக்குழந்தைக்கு ஆகாது. பயர் ஆபீஸ் என்று இங்கே சொல்லப்படும் பட்டாசு ஆலையிலிருந்து திரும்பும் தாய், அலுமினியப் பொடி படிந்த சேலையை மாற்றிக் கைகால் கழுவிய பின்பே பிள்ளையைத் தூக்குவது நல்லது. தீபாவளியை என்ன செய்வது? பசுமைப் பட்டாசு புகைத்துகளை முப்பது சதவீதம் குறைக்கும் என்கிறார்கள். மிச்சம் எழுபது தெருவில்தானே நிற்கும்! இந்த வட்டாரத்துக்கே சோறு போடும் தொழிலை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆபரேஷன் முடிந்த வருஷத்துத் தீபாவளிக்கு மட்டுமாவது, வெடிப் புகை குறைவான உறவினர் கிராமத்துக்குத் தாயையும் பிள்ளையையும் இரண்டு நாள் முன்னதாகவே பஸ் ஏற்றிவிடலாம்.