மேய்ச்சற்றரை முகாமை: ஒரு தொழிற்றுறை

உடுவிலின் செம்பாட்டு மண்ணில் ஒரு சாண் நிலமும் வறிதே கிடப்பதில்லை. வெங்காயமும் புகையிலையும் விளையும் அவ்வூரிலே மாடு கட்டையில் நிற்கும். பனையோலையும் வைக்கோலும் அதனிடம் வந்துசேரும். ஆட்டுக்கு வேலிக் குழை. தீனியை விலங்கிடம் கொண்டுசெல்லும் முறை இது. விலங்கைத் தீனியிடம் விடும் முறைக்கு வேறோர் அறிவு வேண்டும். அவ்வறிவைத் தொழிலாகக் கொண்டவரே மேய்ச்சற்றரை முகாமையாளர்.

அவருக்குரிய நிலம் தொலைவில் இல்லை. குறிகாட்டுவானிற் படகேறினால் நெடுந்தீவு. ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீற்றர் பரப்பு. முருகைக்கல்லின்மேல் மெல்லிய மண், அதன்மேற் புல். ஒல்லாந்தர் அங்கே குதிரை வளர்த்தனர். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்னும் அதிகாரியும் வளர்த்தார். அவற்றின் வழிவந்தவை இன்று கட்டாக்காலிகளாய்த் திரிகின்றன. தீவின் ஒரு பகுதி 2015ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. ஆயினும் புல்லை நம்பியிருப்பவை குதிரைகள் மட்டுமல்ல. ஊரவரின் மாடுகளும் அதனையே நம்பியுள்ளன.

இவ்விரண்டையும் ஒரே தலைக்கணக்கில் எண்ணுதல் பிழை. மாட்டுக்கு மேல்வாய் முன்பற்கள் இல்லை; நாவினாற் சுற்றி இழுத்து மேயும். குதிரையோ இரு வரிசைப் பற்களாலும் நிலத்தையொட்டிக் கறிக்கும். அசைபோடாத விலங்காதலின், பருக்கன் புல்லாயின் மிகுதியாய்த் தின்றே உயிர்வாழும்.

மாடொன்று நாளொன்றுக்குத் தன் நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு 2.5 பங்கு உலர்தீனி உண்ணும் எனக் கொள்வோம். 250 கிலோ நிறையுள்ள மாட்டுக்கு அது 6 கிலோவுக்குச் சற்று மேல். வைகாசி தொடங்கி மழை வரும்வரை 150 நாளுக்கு ஏறத்தாழ 940 கிலோ வேண்டும். புல்லிற் பாதியை வேருக்கும் மண்ணுக்கும் விட்டுவைப்பது இத்துறையினரின் பழைய கைக்கணக்கு. ஆகவே நிலத்தில் அதன் இருமடங்கு நிற்றல் வேண்டும். மாரியிற் பச்சையைக் கண்டு மந்தையைப் பெருக்குவோர் மறப்பது இந்த 150 நாளையே.

தண்ணீர் இன்னும் கடியது. தொட்டி ஒன்றே எனின் அதனைச் சூழ்ந்த நிலம் மொட்டையாகும். அப்பாலுள்ள புல் தீண்டுவாரின்றிக் காயும். தொட்டியை இடம்மாற்றியே மேய்ச்சலைப் பரப்பலாம். வேலியினும் இது மலிவு.

அமெரிக்காவில் இத்துறையினர் 1948இலேயே தமக்கெனச் சங்கம் அமைத்தனர். இலங்கையில் இப்பணி வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்துக்கும் இடையே பிரிந்து கிடக்கிறது. பேராதனையில் விலங்கு விஞ்ஞானமோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி விவசாய பீடத்திற் பயிர், கால்நடை அறிவோ பெற்றவர் இதற்குள் நுழையலாம். ஆனால் நெடுந்தீவுக் குதிரை காட்டுயிரா, உரிமையாளரற்ற கால்நடையா என்ற வினாவை அவர் முதலில் எதிர்கொள்வார். கடும் வறட்சிகளில் அவை நீரின்றி மடிந்ததுண்டு. எத்தனையைத் தீவு தாங்கும் என்று மாரியிலேயே கணக்கிட்டு, மிகுதிக்கு வழிசொல்ல வேண்டியவர் அவரே.