முகத்துக்கு விலை, தாளுக்கு விலை

தெற்கு இங்கிலாந்தில் பிராக்கன்ஹர்ஸ்ட் என்று ஒரு ரயில் நிலையம். நான்கு வருடம் இலங்கையில் இருந்துவிட்டுத் திரும்பிய மகனைப் புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கேமரன் மறுபடி பார்த்தது அங்கேதான். அந்தச் சந்தோஷத்தில், தான் எடுத்த பெரிய மனிதர்களின் உருவப்படங்களைக் காரணமும் எழுதி, 1871 நவம்பரில் அந்த நிலையத்தின் காத்திருப்பறைக்கே கொடுத்துவிட்டார். நம் ஊரில் பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்தால் கோயிலுக்கு விளக்கு வாங்கிக் கொடுப்பார்கள். அந்த அம்மாளுக்குப் படம்.

1940களில் ஹெல்முட் கெர்ன்ஷைம் பார்த்தபோதும் அவை அதே சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. எடுத்துக்கொண்டு போனால் காசாகும் என்று எந்தப் பயணிக்கும் தோன்றவில்லை போலும். பழைய புகைப்படங்களைப் பெரிதாக எவரும் மதிக்காத அந்தக் காலத்தில் சேகரிக்கத் தொடங்கியவர் கெர்ன்ஷைம். கேமரனைப் பற்றி 1948இல் ஒரு நூலும் எழுதினார். அவர் சேர்த்ததை வைத்துக்கொள்ள பிரிட்டனுக்கு ஆர்வமில்லை. 1963இல் அத்தனையும் கடல் கடந்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று.

கேமரன் காலத்திலும் இந்தப் படங்கள் விற்றன. லண்டனில் கோல்நாகி என்ற ஓவிய வியாபாரிகள் விற்றார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் கவிஞர் டென்னிசனின், எழுத்தாளர் கார்லைலின், விஞ்ஞானி டார்வினின் முகத்தைத்தான் வாங்கினார்கள். எடுத்தது யார் என்பது இரண்டாம்பட்சம். படம் எடுக்கிற தொழில்காரர்களோ அவரைக் கேலி செய்தார்கள். அதற்கு இடமும் இருந்தது. 48 வயதில், 1863 டிசம்பரில், மகளும் மருமகனும் பரிசளித்த பெட்டியோடு தொடங்கியவர். கரி போடும் கொட்டகை இருட்டறை ஆயிற்று, கோழிக்கூடு ஸ்டுடியோ ஆயிற்று. (கோழிகளை வெளியேற்றினாலும் முட்டையை விட முடியவில்லை. வெள்ளைக்கரு பூசிய தாளில்தான் அச்சிட்டார்.) கண்ணாடித் தகட்டில் ரசாயனத்தை ஊற்றி, ஈரம் காயுமுன் படமெடுத்து, உடனே கழுவியாக வேண்டும். எதிரே இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். அதனால் முகம் சற்றே கலங்கும். தகட்டில் விரல்ரேகை பதியும், கீறல் விழும், ரசாயனம் கோடாக வழியும். அவற்றைத் திருத்த வேண்டுமென்று அவர் மெனக்கெடவில்லை.

இன்று பலரும் மதிப்பது அந்தக் குறைகளைத்தான். படத்தில் கேமரனின் கைபட்டது என்பதற்கு அவையே சாட்சி.

விலை புரண்ட கதையை இரண்டு ஆல்பங்களில் சொல்லிவிடலாம். வானியலாளர் ஜான் ஹெர்ஷலுக்கு கேமரன் பரிசளித்த ஆல்பத்தில் 94 படங்கள். 1974இல் அது லண்டனில் ஏலத்துக்கு வந்தது. அமெரிக்கச் சேகரிப்பாளர் சாம் வாக்ஸ்டாஃப் 52,000 பவுண்டுக்கு எடுத்தார். படத்துக்கு இவ்வளவா என்று ஊர் வாயைப் பிளந்தது. ஆனால் ஆல்பம் கப்பலேறவில்லை. அரசு ஏற்றுமதியைத் தடுத்தது, பொதுமக்களிடம் பணம் திரட்டினார்கள், 1975இல் அது தேசிய உருவப்படக் காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. புகைப்படம் ஒன்றை நாட்டைவிட்டுப் போகக் கூடாத சொத்தாக பிரிட்டன் நடத்தியது அதுவே முதல் தடவை. கெர்ன்ஷைமை வழியனுப்பிப் பன்னிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது!

அடுத்தது, கேமரா வாங்கித் தந்த மகளுக்கும் மருமகனுக்கும் நன்றியாக அவர் தொகுத்துக் கொடுத்த ஆல்பம். 2018இல் அதற்கும் ஏற்றுமதித் தடை. அப்போது குறித்த விலை 37 லட்சம் பவுண்டு. பணத்தின் மதிப்பு இறங்கியதைக் கழித்துப் பார்த்தாலும் ஏற்றம் ஏற்றம்தான்.

இந்த ஏற்றத்தோடு ஏலம் கேட்கும் முறையும் மாறிவிட்டது. வாக்ஸ்டாஃப் கேட்ட காலத்தில் சுத்தியல் விழுந்த விலையே விலை. வாங்குபவரும் கமிஷன் தர வேண்டும் என்ற வழக்கத்தை லண்டன் ஏல நிறுவனங்கள் 1975இல்தான் கொண்டுவந்தன. இன்று அது ஏறக்குறைய கால் பங்கு. வீட்டில் இருந்தபடி விரல் நுனியில் கேட்டுவிட்டு, மறுநாள் கணக்கைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு.

அதைவிடப் பெரிய மாற்றம், கண் முகத்திலிருந்து தாளுக்கு இறங்கியதுதான். ஒரே படத்துக்கு விலை ஒன்றல்ல. எடுத்த காலத்தில் அவரே அச்சிட்டதுதான் உச்சம். அட்டையில் அவர் கையெழுத்தும் கோல்நாகியின் மேடுபட்ட முத்திரையும் இருந்தால் இன்னும் மேல். ஒரு நிறுவனம் கரி நிறமியால் அச்சிட்டு விற்ற கரிமப் பிரதிகள் பெரும்பாலும் ஒரு படி கீழே. பார்வைக்கு என்னவோ அவைதான் அழகு, வெளுக்கவும் இல்லை. வெள்ளைக்கருத் தாளோ மஞ்சளாகிப் போயிருக்கும். ஆனாலும் மஞ்சளுக்குத்தான் மதிப்பு.

இந்தத் தாள் பித்துக்குக் காரணம் உண்டு. இருபதாம் நூற்றாண்டுப் படங்களில் சந்தை ஒருமுறை நன்றாகவே சூடுபட்டது. 1990களின் கடைசியில், அமெரிக்கப் புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் காலத்து அச்சு என்று விற்ற பல பிரதிகளை ஆராய்ந்தபோது தாள் காட்டிக்கொடுத்துவிட்டது. 1950களில்தான் புகைப்படத் தாளில் கலக்கத் தொடங்கிய, புற ஊதா விளக்கில் ஒளிரும் வெண்மை ரசாயனம் அவற்றில் இருந்தது. ஹைன் இறந்தது 1940இல். அதிலிருந்து கவனமாக வாங்குபவர்கள் புற ஊதா விளக்கையும் நாடுகிறார்கள்.

கேமரனிடம் திரும்புவோம். 1875இல் அவரும் கணவரும் இலங்கைக்கே குடிபோனார்கள். கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள். இலைத்துரு நோய் தோட்டங்களைத் தின்றுகொண்டிருந்த சமயம். தமிழ்நாட்டிலிருந்து கூட்டிப்போன நம்மவர்கள் வேலை செய்த தோட்ட உலகம் அது. அங்கே களுத்துறையில் கேமரன் எடுத்து இன்று மிஞ்சியிருப்பவை முப்பதுக்குள்தான். அங்கே டென்னிசன் இல்லை, வாங்குவாரும் இல்லை. அன்று கேட்பாரற்றுக் கிடந்ததே இன்று அரிதென்று பேராயிற்று. தலைப்புகளைப் பார்த்தால்தான் உறுத்துகிறது: ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்று ஒன்று, மற்றவையும் பெரும்பாலும் அந்த ரகம். முன்பு அவர் வாழ்ந்த ஐல் ஆஃப் வைட் தீவில் மடோனாவாக உட்கார்ந்த வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியரின் பெயராவது பதிவாகியிருக்கிறது.

1877இல் ஓவியர் மரியான் நார்த் களுத்துறை வீட்டில் வந்து தங்கினார். அப்போது ஒருவருடைய முதுகைக் கண்டு கேமரன் மயங்கிப்போனாராம். படமெடுக்க வேண்டும், ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதற்காக, அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனைப் பிடிவாதம் பிடித்து ஒப்புக்கொள்ள வைத்தார். அந்த வீட்டில் தோட்டம் கிடையாது. அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்றுகூட அந்த மனிதருக்குத் தெரியாது என்கிறார் நார்த். இவ்வளவு எழுதியவர், அவர் பெயரை மட்டும் எழுதவில்லை.