பெண்ணுக்கு என்ன பெயர்?

உங்கள் வீட்டில் தொட்டில் கட்டப் போகிறீர்களா? பெண் குழந்தையா? அப்படியானால் பெயர் விஷயத்தில் வீடு இரண்டுபட்டிருக்குமே!

திருநெல்வேலிச் சீமையில் முன்பெல்லாம் இந்தத் தொல்லை அதிகம் கிடையாது. நெல்லையப்பர் கோயிலில் அம்மன் பெயர் காந்திமதி, சங்கரன்கோவிலில் கோமதி, பாபநாசத்தில் உலகம்மை, குற்றாலத்தில் குழல்வாய்மொழி. இவற்றில் ஒன்றை வைப்பார்கள். இல்லாவிட்டால் அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயர். ஆனால் மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாமா? கூடாதே! ஆகவே கூப்பிடுவதற்கென்று தனியாக இன்னொரு பெயர். தாமிரபரணிக் கரையில் பல பெண்களுக்கு இப்படித்தான் ஏட்டில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாக அமைந்தன.

இளம் தாய் ஒருத்தி, யாரும் வைக்காத பெயராக வைக்க ஆசைப்படுகிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். "வாய்க்குள் நுழையாத பேரு எதுக்கு?" என்பார் ஆச்சி. "பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்யுமே!" என்பாள் அத்தை. இரண்டும் தள்ளிவிடத் தக்க பேச்சல்ல. ஆனால், குழல்வாய்மொழி என்ற பெயரும் வெளியூர்க்காரருக்கு விசித்திரமாகத்தான் இருக்கும். குற்றாலத்தில் அதைக் கேட்டு யார் வியப்படைகிறார்கள்? பழகிவிட்டால் புதுமை போய்விடுகிறது.

மறைமலையடிகள் வீட்டுக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1916-ல் தனித்தமிழில் பற்றுக் கொண்ட அவர், வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை என்று மாற்றிக் கொண்டார். மகன் சுந்தரமூர்த்தி அழகுரு ஆனார். மகள் திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனாள்! அந்தக் காலத்தில் அக்கம்பக்கத்தார் மூக்கின்மேல் விரலை வைத்திருக்க மாட்டார்களா?

வேடிக்கை என்னவென்றால், தந்தையுடன் அந்தத் தனித்தமிழ்ப் பேச்சில் முதலில் கலந்துகொண்ட மகளின் பெயர் நீலாம்பிகை என்றே நிலைத்துவிட்டது. திருநெல்வேலியில் 1920-ல் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தைத் தொடங்கிய திருவரங்கம் பிள்ளைதான் அவருடைய கணவர். வடசொற்களுக்குத் தமிழ்ச் சொற்கள் தரும் அகராதியை எழுதியவரும் அந்த நீலாம்பிகை அம்மையாரே. 1938-ல் சென்னையில் அவர் தலைமையில் கூடிய பெண்கள் மாநாட்டில்தான் ஈ. வெ. ராமசாமிக்குப் 'பெரியார்' என்ற பட்டம் கிடைத்தது. பெண்கள் சூட்டிய பெயர் எப்படி நிலைத்தது, பார்த்தீர்களா?

ஆனால் விசித்திரமான பெயர்கள் எல்லாமே ஆசையில் பிறந்தவை அல்ல. தமிழ்நாட்டில் சில கிராமங்களில், அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று பெண் குழந்தைக்கு 'வேண்டாம்' என்றும் 'போதும்பொண்ணு' என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். வகுப்பில் தினம் ஆஜர் கூப்பிடும்போது, "வேண்டாம்" என்று கேட்டு "உள்ளேன்" என்று எழுந்து நிற்கும் அந்தச் சிறுமியை நினைத்துப் பாருங்கள்! வாய்க்குள் நுழையாத பெயரைவிட இதுவல்லவா கொடுமை?

அவசரமும் வேண்டியதில்லை. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட்டால் போதும். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பிறகும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். வளர்ந்த பின் பெயரே பிடிக்காவிட்டால் அரசிதழில் அறிவித்து மாற்றிக் கொள்ளவும் வழி உண்டு.

ஆகவே, சகோதரிகளே, ஆச்சி சொல்வதையும் கேளுங்கள். அத்தை சொல்வதையும் கேளுங்கள். முடிவு செய்யுமுன் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக் கொள்ளுங்கள். "எனக்கு ஏன் அம்மா இந்தப் பெயர் வைத்தாய்?" என்று மகள் ஒருநாள் கேட்பாள். அதற்கு அவள் முகத்தைப் பார்த்துச் சந்தோஷமாகப் பதில் சொல்ல முடியுமானால், எந்தப் பெயரையும் தயங்காமல் வையுங்கள்.